வரையாட்டுக் குளம்பு: மரத்தில் செய்து பார்த்தது

அம்பாசமுத்திரத்தில் செப்புச் சாமான் (மர விளையாட்டுச் சாமான்) கடைந்து செய்யும் பட்டறை ஒன்றில் மிஞ்சிய மஞ்சக்கடம்புத் துண்டுகள் கிடைத்தன. வரையாட்டின் குளம்பை மரத்தில் செய்து, அது பாறையில் எப்படி நிற்கிறது என்று பார்க்க ஆசை. கடைசல் எந்திரத்தில் முடியுமா என்று கேட்டேன். "அதுல உருண்டையாத்தான் வரும் தம்பி. குளம்புன்னா நீங்கதான் உளி வச்சுச் செதுக்கிக்கிடணும்" என்றார் பட்டறை அண்ணாச்சி.

நேரில் பார்த்து அளவெடுக்க வழியில்லை. பொதிகையில் நம் பக்கத்து மேல்காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, நினைத்தபோது ஏறிவிட முடியாது. படங்களை வைத்தே செதுக்கினேன். வளர்ந்த கடா 100 கிலோ வரை இருக்கும். அந்தக் கனத்தோடு செங்குத்துப் பாறையில் ஏறி இறங்குகிறது. குளம்பின் ஓரம் கெட்டி, அடிப்பக்கம் மெத்தென்று ரப்பர் மாதிரி.

வெறும் மரக் குளம்பைச் சாய்த்த கருங்கல் பலகையில் வைத்தால் கொஞ்சச் சாய்விலேயே சறுக்கிவிட்டது. அடியைக் குடைந்து, சைக்கிள் டியூப் துண்டைப் பஞ்சர் சொல்யூஷனால் ஒட்டினேன். இப்போது பலகையை நன்றாக நிமிர்த்தியும் நின்றது. ஆனால் கல்மேல் மணலைத் தூவியதும் ரப்பரும் வழுக்கியது! அப்புறம் மர ஓரம் ஒரு நூல் வெளியே துருத்தும்படி ரப்பரை உள்ளே இறக்கினேன். மணலில் ரப்பர் வழுக்கினாலும் ஓரம் கல்லின் சொரசொரப்பில் மாட்டிக்கொள்கிறது. மேலே மணல்மூட்டையை ஏற்றினால் ரப்பர் நசுங்கி அதுவும் கல்லைத் தொடுகிறது. கெட்டி ஓரம் மட்டுமோ மெத்தை மட்டுமோ இருந்தால் இந்த வேலை நடக்காது. கிணற்றடிப் பாசிக்கல்லில் மட்டும் எதுவும் எடுபடவில்லை.

அடுத்து பிளவு. இரண்டு விரலையும் தனித்தனியாக அறுத்து, நடுவில் ரப்பர்ப் பட்டை கொடுத்துச் சேர்த்தேன். கனம் ஏறினால் விரல்கள் விரிந்து, மேடு பள்ளத்துக்குத் தக்கபடி ஒவ்வொன்றும் தானே உட்காருகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இதுதான்.

பெயரில் ஆடு என்றாலும், 2005-இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு இதை செம்மறி இனத்துக்கு நெருக்கம் என்கிறார்கள். நம் மாநில விலங்கு இது. தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1031 இருந்தன, 2025-இல் 1303.

பஞ்சர் சொல்யூஷன் ஈரத்தில் விட்டுவிடுகிறது. வேறு பசை தேட வேண்டும். அது முடிந்தால் கணுக்கால் மூட்டு.