மெழுகுதிரி வைத்து வளர்த்த கிருமி

கிறிஸ்துமஸுக்குக் குளச்சல் வந்து பையை இறக்கியதும் அம்மா கேட்பது இதுதான்: "மக்களே, ஒனக்க புழுவுக்கு இப்ப யாரு தீனி போடுவா?"

நான் லேபில் வளர்ப்பது புழு இல்லை, மலேரியா ஒட்டுண்ணி என்று மூன்று வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் கேள்வி சரியானதுதான். பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற அந்த ஒட்டுண்ணி லீவு தராது. மனித ரத்தத்தின் சிவப்பணுவுக்குள், 37 டிகிரியில் வளரும். பழைய ஊட்டத் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, தினமும் புதிதாக ஊற்ற வேண்டும். சுமார் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தச் சிவப்பணுவை உடைத்து வெளியே வந்து அடுத்த அணுவில் நுழையும். கூட்டம் பெருகிப் புது ரத்தம் போடாமல் விட்டால் எல்லாம் சாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அசந்து தூங்கிவிட்டேன். திங்கள் காலை ஜீம்சா சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மோதிரம் மோதிரமாகத் தெரிய வேண்டியவை கறுத்துச் சுருண்டு கிடந்தன. ஒரு மாத வேலை போச்சு.

இந்தக் கிருமிக்கு ஆக்சிஜன் குறைவாக இருக்க வேண்டும். 1976-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் டிரேகரும் ஜென்சனும் இதைத் தொடர்ந்து வளர்த்துக் காட்டியபோது பயன்படுத்திய வழிகளில் ஒன்று, மூடிய கண்ணாடி ஜாடிக்குள் தட்டுகளோடு ஒரு மெழுகுதிரி. அது எரிந்து அணையும் நேரத்தில் ஜாடியின் திருகை அடைத்துவிடுவார்கள். நாங்கள் சிலிண்டர் வாயு வைத்திருக்கிறோம். சிலிண்டர் தீர்ந்தால் எங்களுக்கும் மெழுகுதிரிதான்.

"மெழுகுதிரியா? நீ படிக்கப் போனியா, செபம் பண்ணப் போனியா?" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு வேறு சந்தேகம். குஜராத்தின் வெராவலில் விசைப்படகில் இருந்தபோது அவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் வைவாக்ஸ் என்ற வேறு வகை மலேரியா. காய்ச்சல் விட்டதும், பதினான்கு நாள் பிரிமாகுயின் மாத்திரையை நாலாம் நாளே நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போனார். அந்த மாத்திரை கொல்ல வேண்டிய, ஈரலில் தூங்கிய கிருமி சில மாதம் கழித்து எழும்பியது.

"எனக்கு வந்தத அங்க வளக்குதியா?"

இல்லை. வைவாக்ஸ் பிஞ்சுச் சிவப்பணுவில்தான் ஏறும். ரத்தத்தில் அந்த அணு நூற்றுக்கு ஒன்றுதான் இருக்கும். ஃபால்சிபாரம் மாதிரி வைவாக்ஸை லேபில் தொடர்ந்து வளர்க்க இன்றுவரை வழியில்லை. நான் லேபுக்குப் போனதே அப்பாவின் காய்ச்சலால்தான், வளர்ப்பதோ வேறொன்றை. இதை அவரிடம் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அயிலை கழுவிக்கொண்டிருந்தபோது ஜூனியர் பையன் போன் பண்ணினான். "அக்கா, கிருமி ஏறின அணு ஆறு சதவீதம் ஆயிடிச்சு."

"பிரிச்சுப் புது ரத்தம் போடு. இப்பவே."

"யாரு மக்களே?" என்றாள் அம்மா.

"தீனி போடுறவன்."