தறிச் சத்தத்துக்குள் ஒரு துள்ளல்

போன ஞாயிற்றுக்கிழமை, சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக் குழித்தறியில் அப்பா நெய்வதைக் கைபேசியில் பதிவு செய்தேன். கயிற்றைச் சுண்டினால், குறுக்கு நூலைச் சுமக்கும் நாடா ஓடிப்போய் மறுபக்கப் பெட்டியில் முட்டும். அப்புறம் சீப்பு போன்ற அச்சு வந்து ஊடையை, அதாவது அந்தக் குறுக்கு நூலை, அடிக்கும். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்.

இரவு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது எந்த நேரத்தில் எந்தச் சுருதி என்று காட்டும் படமாக, மாற்றிப் பார்த்தேன். நாடா முட்டும் இடம் மட்டும் தடித்த கறையாக இருந்தது. ஒலியை எவ்வளவு நீளத் துண்டுகளாக எடுத்து அலசுவது என்பதுதான் சாளர அளவு. அது 4096 மாதிரிகள், அதாவது ஒலியை அளந்த புள்ளிகள். வினாடிக்கு 44,100 மாதிரிகள் என்றால் ஒரு சாளரம் ஏறக்குறைய 93 மில்லிவினாடி. அதற்குள் நடப்பதெல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். 256-க்குக் குறைத்தேன். சுமார் 6 மில்லிவினாடி. சுருதிக் கோடுகள் பட்டைகளாக அகன்றுபோயின, ஆனால் கறை இரண்டாகப் பிளந்தது! முதலில் பளிச்சென்று ஒரு கோடு, ஒட்டினாற்போல் மங்கலாக இன்னொன்று. நேரம் துல்லியமானால் சுருதி மங்கும், சுருதி துல்லியமானால் நேரம் மங்கும். இதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அப்பாவிடம் காட்டினேன். திரையைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

“நாடா பெட்டியில துள்ளுது கண்ணு. ரெண்டு நாளா கைக்குத் தெரியுது.”

மறுநாள் காலையிலேயே பெட்டியைச் சரிசெய்துவிட்டார். இப்போது மில்லர் பக்கெட் உருவாக்கிய பியூர் டேட்டா என்ற இசை நிரலாக்க மென்பொருளில், அந்தப் பழைய பதிவைச் சிறு துணுக்குகளாக வெட்டி ஒரு தாளம் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டாவது கோட்டை மட்டும் விடவே மாட்டேன். தறியில் இனி அது கேட்காது.