டிராகுலாவும் அரசலாறும்

மே 3

டிராகுலா நாவலின் முதல் குறிப்பு மே 3 அன்றுதான் தொடங்குகிறது. "அப்ப நாமளும் இன்னிக்கே ஆரம்பிக்கணும் மாமா" என்று அக்கா மகள் சொல்லிவிட்டாள். கும்பகோணத்தில் கல்லூரி, இப்போது லீவு. திண்ணையில் அவள், நான், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், உரக்கடை அண்ணன். அண்ணனுக்கு ஆங்கிலம் வராது. அவள் படிக்க, நான் தமிழில் சொல்ல வேண்டும். நாளைக்குக் கத்திரி தொடக்கம்.

மே 8

டிராகுலா பிரபு கோட்டைச் சுவரில் பல்லி மாதிரி தலைகீழாக இறங்கும் கட்டம். நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. அண்ணன் எதுவும் பேசவில்லை. பத்து வீடு தள்ளித்தான் அவர் வீடு, ஆனாலும் டார்ச் வாங்கிக்கொண்டு போனார்.

மே 17

ஓடும் தண்ணீரை, கடல் ஓதம் ஏறும்போதோ அடங்கி நிற்கும்போதோதான் பிரபுவால் கடக்க முடியுமாம். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப ஜூன் 12 மேட்டூர் திறந்தா ஜனவரி 28 மூடுற வரைக்கும் இந்த ஆளு நம்ம பக்கம் ஒரு தெரு தாண்ட முடியாதே! ஆறு, வாய்க்கால், வடிகால்னு எங்க பார்த்தாலும் தண்ணி." இப்போது அரசலாற்றில் மணல்தான் கிடக்கிறது என்று ஞாபகப்படுத்தினேன். முகம் வாடிவிட்டது.

மே 26

முதல் புத்தகம் முடிந்தது. 1897இல் வந்தது. முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி. டாக்டர் ஒருவர் ஃபோனோகிராஃபில் பேசிப் பதிகிறார், அத்தனையையும் கதாநாயகி மீனா தட்டச்சு செய்கிறாள். பிரபுவுக்கு நாட்குறிப்பு கிடையாது. இன்று ராத்திரி எழுதுகிறவனுக்கு நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. பயம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. (இதை எழுதும்போது கொல்லைக் கதவு ஆடியது. காற்றுதான்.)

ஜூன் 1

2009இல் வந்த தொடர்ச்சியை எடுத்தோம். டிராகுலாவை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் சகோதரர் வழிக் கொள்ளுப்பேரன் டேக்கர் ஸ்டோக்கரும் இயன் ஹோல்ட்டும் எழுதியது. கதை 1912இல் நடக்கிறது. மீனாவின் மகன் வளர்ந்துவிட்டான், டாக்டர் போதையில் கிடக்கிறார், ஸ்டோக்கரே ஒரு பாத்திரமாக வந்து நாடகம் போடுகிறார். பதிப்புரிமைச் சடங்கைச் சரியாக முடிக்காததால் அமெரிக்காவில் மூல நாவல் குடும்பத்தின் கையைவிட்டுப் போனதாம். "பட்டா மாறிப்போன நிலத்துல பேரன் திரும்ப ஏர் கட்டுறான்" என்றார் ஆசிரியர்.

ஜூன் 7

சண்டை. இந்தப் புத்தகத்தில் பிரபுவைவிடக் கொடியவளாக பாத்தரி என்றொரு சீமாட்டி. பிரபுவுக்கு நியாயம், காதல் எல்லாம் இருக்கிறது. ஆசிரியருக்கு ஆத்திரம்: "முனியப்பனுக்கு ஃபிளாஷ்பேக் வச்சா யாருப்பா பயப்படுவா?" பெரும்பாலும் வழக்கமான கதைசொல்லியின் குரல்தான், நாட்குறிப்பு போயிற்று என்று நானும் ஒத்து ஊதினேன்.

அக்கா மகள் விடவில்லை. "எல்லாத்தையும் தட்டச்சு பண்ணிக் கொடுத்தவ மீனா. இது ஆம்பளைங்க வேலைன்னு அவளைத் தூங்கப் போகச் சொன்னாங்க. அன்னைக்குத்தான் பிரபு அவகிட்ட வர்றான். அப்புறம் அவ மனசுல என்ன இருந்துச்சுன்னு யாராவது கேட்டாங்களா சார்? இவங்க கேக்கறாங்க." ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கேள்வி சரி. ஆனால் அதற்கு இவர்கள் தந்த பதில் காதல்கதை, அதுதான் எனக்கு ஒட்டவில்லை. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் காபி கிடைக்காது.

ஜூன் 13

நேற்று மேட்டூர் திறந்தாயிற்று. அண்ணனுக்குக் கடையில் குறுவை வியாபாரம், வரவில்லை. இருநூறு பக்கம் பாக்கி.

ஜூன் 19

ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டது. நுரையும் சருகுமாக மணலில் ஊர்ந்து வர, முன்னால் பிள்ளைகள் ஓடினார்கள். ராத்திரி அண்ணன் வந்தார். தொடர்ச்சியில் விட்ட பக்கத்தைத் தேடினேன். "அது கெடக்கட்டும் தம்பி, தண்ணிதான் வந்துடுச்சே. அந்தப் பல்லிக் கட்டத்தை இன்னொரு தடவை படிக்கச் சொல்லேன்" என்றார். டார்ச் அவரே கொண்டு வந்திருந்தார்.