அந்தச் சாப்பாட்டு மேசை

நேற்று ராத்திரி மறுபடி 'தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' பார்த்தேன். 1974இல் வந்த அமெரிக்கத் திகில் படம். கொலைகாரக் குடும்பம் கதாநாயகியைப் பிடித்து வைத்துச் சித்திரவதை செய்யும் அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சி இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அது எடுக்கப்பட்ட கதை இன்னும் மோசம். அந்தக் குடும்பத்துத் தாத்தாவாக நடித்த ஜான் டூகன் அப்போது இருபது வயது இளைஞர். கிழவனாக்கும் மேக்கப்புக்கே பல மணி நேரம். இனிமேல் இதைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்ன, அவர் வரும் காட்சிகளை எல்லாம் ஒரே மூச்சில் எடுத்தாக வேண்டும். 26 மணி நேரத்துக்கு மேல் நீண்டது. டெக்சாஸ் கோடை வேறு. இரவு மாதிரி தெரிய ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டார்கள். விளக்குச் சூட்டில் மேசையில் இருந்த இறைச்சி அழுகி நாறியது. மின்ரம்பத்தால் கொல்லும் கொலைகாரனாக நடித்த கன்னர் ஹான்சனுக்கு இருந்தது ஒரே உடுப்பு. சாயம் போய்விடும் என்று படம் முடியும்வரை துவைக்கவே இல்லையாம்!

கதாநாயகியாக நடித்த மர்லின் பர்ன்ஸின் விரலை வெட்டும் இடத்தில் போலி ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. பொறுமையிழந்த ஹான்சன் நிஜமாகவே கீறிவிட்டார்.

திரையில் தெரியும் அந்தப் பித்துப் பிடித்த முகங்களில் பாதி நடிப்பே இல்லை என்பது என் எண்ணம். வசதியாக, ஏசி அரங்கில் நாலு நாள் நிதானமாக எடுத்திருந்தால் இந்த வெறி வந்திருக்காது. அதற்காக அந்த விரல் வெட்டை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

சரி, தனியாகப் பார்த்தது என் தப்பு. தூக்கம் போச்சு.