கதவு இல்லை, மெஷின்

2022இல் சிங்கப்பூரில் ஒரு கட்டுமான சைட்டில் கம்பி வளைக்கும் மெஷினில் என் இடது ஆள்காட்டி விரல் நசுங்கியது. சூப்பர்வைசர் கம்பெனி லாரியில் ஏற்றி ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். வழியில், "தம்பி, நீ தங்குற டார்ம் கதவுல நசுங்கிச்சுன்னு சொல்லு, ஒர்க் பெர்மிட்டுக்குப் பிரச்சினை வராது" என்றார். ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கிய கடனில் பாதிகூட அப்போது அடையவில்லை. அப்படியே சொல்லிவிட்டேன். இரண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, பிறகு லைட் டூட்டி, அதாவது இலேசான வேலை மட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நான்காம் நாள் விரல் கறுத்தது. ரூமில் இருந்த அண்ணன் ஒருவர் திட்டித் திட்டியே அரசு மருத்துவமனைக்கு இழுத்துப்போனார். எலும்பு நொறுங்கியிருந்தது, நுனியை எடுக்க வேண்டியதாயிற்று. அங்கே டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். "வேலையிடம், மெஷின்" என்று எழுதினார். அந்த வரிதான் என்னைக் காப்பாற்றியது.

2020 செப்டம்பரிலிருந்து, வேலையில் அடிபட்டு ஒரு நாள் எம்சியோ லைட் டூட்டியோ கிடைத்தால்கூட முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும். என் கம்பெனி தெரிவிக்கவில்லை. இழப்பீட்டுக்கு நாமே மனுப் போடலாம், விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் போட்டால் போதும். யார் தவறு என்பதை வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் பார்ப்பதில்லை. வேலையால் வந்த காயமா என்பதுதான் கேள்வி. அந்த இடத்தில்தான் கிளினிக்கில் நான் சொன்ன கதவு குறுக்கே வந்து நின்றது. அன்று மெஷின் பக்கத்தில் ஒரு பையன் எடுத்த போட்டோ நேரத்தோடு இருந்ததால் தப்பித்தேன். சாட்சியாக உன் பெயரை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "வேண்டாம்ணே, என் பெர்மிட் அவங்க கையில" என்றான். எழுதவில்லை.

அடுத்த சண்டை சம்பளக் கணக்கில். நிரந்தர ஊனத்துக்கான இழப்பீட்டை மாதச் சராசரி வருமானம், வயது, ஊன சதவீதம் மூன்றையும் வைத்துப் போடுகிறார்கள். அந்தச் சராசரியில் ஓவர்டைமும் சேரும். கம்பெனி அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தது. பன்னிரண்டு மாத டைம் கார்டையும் போனில் படம் பிடித்து வைத்திருந்தேன், காட்டினேன். எம்சி காலச் சம்பளமும் இதே சராசரியில்தான் வரும். வெளிநோயாளி எம்சி என்றால் 14 நாள்வரை முழுசாக, ஆஸ்பத்திரி எம்சி என்றால் 60 நாள்வரை முழுசாக, அதற்குமேல் மூன்றில் இரண்டு பங்கு.

அதற்குள் பெர்மிட்டை ரத்து செய்துவிட்டார்கள். கையில் இருந்தது ஸ்பெஷல் பாஸ், அதாவது தற்காலிகமாகத் தங்க மட்டும் அனுமதி, வேலை செய்யக் கூடாது. எம்சி தீர்ந்த பிறகு வருமானமே இல்லை. லிட்டில் இந்தியா பகுதியில் உள்ள தேக்காவில் தொண்டூழியர்கள் போட்ட இலவசச் சாப்பாட்டில்தான் பல நாள் ஓடியது. என்னைப் போல் கையிலும் காலிலும் கட்டோடு அங்கே எத்தனை பேர்! வீட்டில் மட்டும் "வேலை நல்லா போகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய் விரலைவிட வலித்தது.

கடைசியில் இழப்பீடு எவ்வளவு என்று சொல்லும் நோட்டீஸ் வந்தது. ஆட்சேபிக்க ஒரு கெடு இருந்தது. ஒவ்வொரு நாளாக எண்ணினேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை, பணம் வந்தது. அன்றே அம்மாவுக்கு வீடியோ காலில் கையைக் காட்டினேன்.