தலைகுந்தா முதல் பைக்காரா வரை: மலையின் தண்ணீர்க் கணக்கு

ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் பைக்காரா சுமார் 20 கிலோமீட்டர். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்றே இடங்களில் வண்டியை நிறுத்துகிறார்கள்: பைன் காடு, ஷூட்டிங் மட்டம், பைக்காரா அருவி. அதே சாலையில் தண்ணீரின் பின்னால் போனால் பார்க்கக் கிடைப்பது வேறு. அதற்கு ஏற்ற காலம் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடிய. ஆடி மழையில் எந்தச் சரிவும் தண்ணீர் கொட்டும். மழை விட்டு இரண்டு மூன்று மாதம் கழிந்தும் எந்தப் பள்ளத்தில் ஓடை சலசலக்கிறது, எதில் வெறும் கல் கிடக்கிறது என்று பார்த்தால்தான் மலையின் நிலைமை புரியும்.

வெளி மாவட்ட வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இந்த நடைமுறை. பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் போய்விடும், எவர்சில்வர் பாட்டிலே நல்லது. சாலையோரத்தைத் தாண்டி உள்ளே நடக்க வனத்துறை அனுமதி தேவை. கீழே சொல்லியிருப்பதெல்லாம் தார்ச்சாலையின் விளிம்பில் நின்றே பார்க்கக் கூடியவை.

தலைகுந்தாவில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தப் பனிதான் இந்த மலையின் பழைய அமைப்புக்கு ஒரு காரணம். சோலை என்று இங்கே சொல்வது மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் இயற்கைக் காட்டை. திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்று உறைபனியில் கருகிவிடும். புல்லுக்கு உயிர் அடித்தூரில், மண்ணை ஒட்டி இருப்பதால் மேலே காய்ந்தாலும் மழை விழுந்ததும் தழைக்கும். மேடெல்லாம் புல், மடிப்பும் பள்ளமும் சோலை என்று இங்கே பிரிந்து கிடப்பது இப்படித்தான். மரம் இல்லாத மேட்டைப் பார்த்து "மொட்டையாக்கிவிட்டார்கள்" என்று வருத்தப்படுகிறவர்கள் அதிகம். அந்தப் புல்வெளியில் பெரும்பகுதி யாரும் வெட்டி உண்டானது அல்ல.

அடுத்து பைன் காடு. சாண்டிநல்லா நீர்த்தேக்கத்தை, அதாவது காமராஜ் சாகரைப் பார்த்த சரிவு. படத்துக்கு அழகான இடம், சந்தேகமில்லை. ஒரு நிமிடம் தரையைப் பாருங்கள்: ஊசி இலை மெத்தை போலக் கிடக்கும், செடி கொடி என்று ஏதாவது தேடித்தான் பார்க்க வேண்டும். இதற்கு மேல் இங்கே நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

அதைத் தாண்டியதும் கற்பூர மரங்கள். சமவெளிக்காரர்கள் யூகலிப்டஸ், தைலமரம் என்பார்கள். இங்கே கற்பூர மரம். 19ஆம் நூற்றாண்டில் குளிருக்கு விறகு தேடிச் சோலைகளை வெட்டித் தீர்த்த பிறகு, சீக்கிரம் வளரும் விறகாக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சீகை மரமும் அப்படி வந்ததுதான் (ஆங்கிலத்தில் வாட்டில், தலைக்குத் தேய்க்கும் சீகைக்காய் அல்ல). தோல் பதனிடுவதற்கான பட்டைக்காக அதையும் பரப்பினார்கள்.

ஒரு சின்னச் சோதனை. நான்கைந்து நாள் மழையில்லாத சமயத்தில் கற்பூர மரத்தடியில் காய்ந்த இலையை ஒரு கையகலம் விலக்கி, அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பல இடங்களில் தண்ணீர் உடனே இறங்காது. முத்து முத்தாக நின்று, சரிவு இருந்தால் உருண்டு ஓடும். இலையிலுள்ள எண்ணெயும் மெழுகும் காய்ந்த மண்துகளின் மேல் படிவதால் வரும் கோளாறு. பத்தடி தள்ளிப் புல் தூரின் அடியில் அதே அரை டம்ளரை ஊற்றினால் உறிஞ்சிக்கொள்ளும். முந்தின நாள் தூறல் போட்டிருந்தால் வித்தியாசம் தெரியாது, அன்றைக்கு ஊற்றிப் பயனில்லை.

மண்ணைவிடப் பெரிய செலவு வேரில். புல் பனிக்காலத்தில் காய்ந்து தண்ணீர் குடிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும். கற்பூர மரம் வருடம் முழுக்கப் பச்சை. அதன் வேர் ஆழத்திலிருந்து கோடையிலும் இழுத்துக்கொண்டே இருக்கும். இதை இந்த மலையிலேயே அளந்திருக்கிறார்கள். பைக்காராவுக்கு முன்னால் பிரியும் கிளன்மார்கன் பக்கம், அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில், அதாவது விழும் மழை ஒரே ஓடையில் சேரும் பள்ளங்களில், ஊட்டி மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் 1968இல் அளக்கத் தொடங்கினார்கள். 1972இல் ஒன்றின் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டு, மற்றதைப் புல்வெளியாகவே விட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில், மரம் நட்ட பள்ளத்திலிருந்து வெளியேறிய மொத்த நீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு விட்ட இரண்டாம் சுற்றில் 25.4 சதவீதம். வறட்சிக் காலத்து ஓட்டத்துக்கு என்று வைத்திருந்த குறியீடு முதல் சுற்றில் பாதியாகி, இரண்டாவதில் கால்வாசிக்குச் சற்று மேலே போய் நின்றது.

வெட்டிய பிறகு ஏன் கூடுதலாகக் குடிக்கிறது? சாலையோரத்தில் ஏதாவது ஓர் அடிக்கட்டையைப் பாருங்கள், பதில் அங்கேயே நிற்கும். ஒரு மரத்தை வெட்டிய இடத்தில் நாலைந்து தண்டு, சில கட்டைகளில் அதற்கும் மேல். மேலே இளந்தளிர், கீழே பத்து வருடம் ஊன்றிய பழைய வேர். கன்று முதலில் வேர் விட்டுப் பிறகுதான் தண்ணீரைத் தேட வேண்டும். மறுதாம்புக்கு அந்த வேலையே இல்லை. "கற்பூர மரத்தை வெட்டினால் ஊற்று திரும்பும்" என்று டீக்கடையில் சொல்வது பாதி சரி. கட்டையைச் சாகடிக்காமல் வெட்டினால் ஓரிரு வருடம் திரும்பும், அப்புறம் முன்னைவிட மோசம்.

ஒன்பதாவது மைலில் ஷூட்டிங் மட்டம். வென்லாக் டவுன்ஸ் புல்வெளியின் மிச்சம். விளிம்புகளில் சாம்பல் பச்சையாக ஏறி வருவது சீகை. மஞ்சள் பூவோடு நிற்கும் புதர் ஸ்காட்ச் புரூம். எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள், அதுவும் வந்தேறிதான்.

சீகையை அகற்றுவது லேசான வேலை என்று நினைப்பவர்கள் முதல் வருடத்திலேயே தோற்பார்கள். அதன் விதைக்குத் தடித்த ஓடு. மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும், தீயோ திடீர் வெயிலோ பட்டால் விழிக்கும். அடர்ந்த பழைய சீகைக் காட்டை மொத்தமாகச் சாய்த்தால், அடுத்த மழைக்கு நாற்றங்கால் போலச் சீகைக்கன்று எழும். அதனால் வேலையைப் புல்வெளி விளிம்பில், ஒன்றிரண்டாக நிற்கும் மரத்திலிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும். கன்றை மழைக்காலத்தில், மண் நெகிழ்ந்திருக்கும்போது வேரோடு பிடுங்கலாம். கோடையில் இழுத்தால் தண்டு ஒடிந்து அடியில் மறுபடி துளிர்க்கும். பெரிய மரத்துக்கு இடுப்புயரத்திலிருந்து தரைவரை பட்டையைச் சுற்றிலும் உரிக்க வேண்டும். ஒரு விரல் அகலப் பட்டை இணைந்திருந்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். வெள்ளிச் சீகை வேரிலிருந்தும் முளைவிடும், அதற்குத் தனிக் கவனம் தேவை. அகற்றிய இடத்தில் உள்ளூர்ப் புல் தூர்களைப் பிரித்து நட வேண்டும், அதன் பிறகும் வருடா வருடம் திரும்பி வந்து கன்று பிடுங்க வேண்டும். பணம் முதல் வெட்டோடு தீர்ந்துபோவதுதான் வழக்கமான சிக்கல்.

எல்லாச் சீகையும் எதிரி என்றும் சொல்ல முடியாது. நீலகிரியிலும் பழனி மலையிலும் வயதான சீகையின் நிழலில், பனி படாமல், சோலைக் கன்றுகள் தாமாக வளரும் இடங்கள் உண்டு. அங்கே கோடரி வைத்தால் கன்றும் போகும், சீகையும் திரும்பி வரும். தரையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

பைக்காராவை எட்டும் முன் சாலையோரக் கடைகளில் தைலப் பாட்டில்கள். இலையைத் தண்ணீரோடு கலத்தில் அடைத்து, அடியில் தீ மூட்டி, ஆவியைக் குழாய் வழியே குளிர்ந்த தொட்டிக்குள் விட்டு இறக்குகிறார்கள். எண்ணெய் மேலே மிதக்கும். நூறு கிலோ இலைக்குக் கிடைப்பது ஒரு கிலோ அளவுதான். கலத்தில் தண்ணீர் வற்றினால் அடி இலை கருகி, தைலத்தில் புகை வாடை ஏறும். வாங்கும்போது ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள்.

பைக்காரா நீர் 1932 முதல் மின்சாரம் தருகிறது. சிங்காரா மின்நிலையத்தில் இறங்கி, மாயாற்றில் சேர்ந்து, பவானிசாகரில் தேங்கி, ஈரோட்டு வாய்க்கால்களுக்குப் போகிறது. கிளன்மார்கன் முடிவுகளை எழுதியவர்கள், நீர்மின் அணைகளின் பிடிப்பில் கற்பூர மரம் நடும் முன் யோசிக்கச் சொன்னதற்குக் காரணம் இந்த நீர்வழி. மார்ச்சில் ஏரிக்கரையில் நின்றால், நீர்மட்டம் இறங்கிய விளிம்பு செம்மண் பட்டையாகத் தெரியும். அதற்கு நேர் மேலே சரிவில் நிற்பவை எந்த மரங்கள் என்று இப்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.