92 கிராமில் தொடங்கிய கணக்கு

ஜூன் 1, 2025, ஞாயிறு

பாம்புக் குட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. ஒரே ஈட்டில் பொரிந்த இரண்டு பால் பைத்தான், ஒன்று மார்த்தாண்டத்தில் நண்பனிடம், ஒன்று வடசேரியில் என்னிடம். பெயரைக் கேட்டதும் அம்மா, "பால் குடிக்குமா மக்ளே?" என்றாள். ஞாயிறுதோறும் நாகராஜா கோயிலுக்குப் பால் வாங்கிக்கொண்டு போகிறவள், அவளுக்கு அது இயல்பான கேள்விதான். அந்தப் பால் இல்லம்மா, பந்து, பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், ஊர் மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் என்றேன். எந்தப் பாம்பும் பாலைக் குடித்து வளர்வதில்லை என்பதை இன்னொரு நாள் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

டப்பாவில் போட்டுத் தராசில் வைத்தேன், 92 கிராம். நண்பனுடையது 88. இன்று 11 கிராம் எலிக்குஞ்சு ஒன்று கொடுத்தேன். இந்த வயதில் உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம், வாரம் ஒருமுறை, எலியின் அகலம் பாம்பின் உடம்பில் தடித்த இடத்தின் அகலத்தைத் தாண்டக்கூடாது. நான் பிடித்துக்கொண்டிருக்கும் கணக்கு இவ்வளவுதான்.

ஜூன் 8, ஞாயிறு

96. தீனி கொடுப்பதற்கு முன்னால், எச்சம் போட்ட பிறகு நிறுத்த எடைதான் எடை. தின்ற மறுநாள் நிறுத்தால் எலியையும் சேர்த்து நிறுப்போம், அதைப் பார்த்து வளர்ந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை.

இன்று 12 கிராம். உறைந்த எலியை முந்தின ராத்திரியே கீழ்த்தட்டில் இறக்கி வைத்தேன் (இதற்கென்றே பழைய சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கியிருக்கிறேன், மீன் வைக்கிற ஃப்ரிட்ஜில் எலிக்கு இடமில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள்). காலையில் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கை பொறுக்கிற சூட்டு வெந்நீரில் வைத்துத் துடைத்து, இடுக்கியால் வாலைப் பிடித்து நீட்டினேன். உதட்டோரக் குழிகளால் அது சூட்டை உணர்கிறது, எலி வெதுவெதுப்பாக இருந்தால்தான் திரும்பியே பார்க்கும். நாக்கு நாலைந்து தடவை வந்து போனது, கழுத்து எஸ் மாதிரி வளைந்தது, அப்புறம் ஒரே பாய்ச்சல், மூன்று சுற்று. செத்த எலி என்று அதற்குத் தெரியாது, பத்து நிமிடம் இறுக்கிப் பிடித்திருந்தது. பிறகு மெல்லத் தளர்ந்து மூக்காலேயே எலியின் தலையைத் தேடிப் பிடித்து, இடது தாடை ஒரு அடி, வலது தாடை ஒரு அடி என்று எலிமேல் நடக்கிற மாதிரி விழுங்கியது. கடைசியில் வால் நுனி மட்டும் வாயோரம் தெரிந்தது. முடிந்ததும் பெரிய கொட்டாவி ஒன்று விட்டுத் தாடையைச் சரிசெய்துகொண்டது.

ஜூன் 22, ஞாயிறு

என்னுடையது 100. நண்பன் ஐந்து நாளுக்கு ஒருமுறை, எடையில் 20 சதவீதம் கொடுக்கிறான், அவனுடையது 112. "மக்கா, குட்டியைப் பசியோட இருக்க விடாதே, மொத வருசம் போனா போனதுதான்" என்கிறான். அவன் சொல்வது வெறும் பேச்சில்லை. வட ஆஸ்திரேலியாவில் நீர் மலைப்பாம்புகளைப் பல ஆண்டுகள் பிடித்து அளந்து விட்ட மேட்சன், ஷைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், எலி நிறையக் கிடைத்த ஆண்டில் பொரிந்த குட்டிகள் முதல் வருடம் மட்டுமல்ல, பிறகும் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்தன என்று 2000இல் எழுதியிருக்கிறார்கள்.

அதை நினைத்துக்கொண்டு இன்று 24 கிராமில் முழு வளர்ந்த சுண்டெலி ஒன்றைக் கொடுத்துவிட்டேன். விழுங்கிவிட்டது, ஆனால் ரொம்ப நேரம் எடுத்தது.

ஜூன் 25, புதன்

நேற்று மத்தியானம் காற்றோடு மழை. தென்னை மட்டை கம்பியில் விழுந்து ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. நான் கடையில் இருந்தேன், வந்து பார்த்தபோது 32 டிகிரி இருக்க வேண்டிய மூலை 25இல் நின்றது. நம் ஊர் மழைக்காலம் நமக்குக் குளிரில்லை, அதற்குக் குளிர். இன்று காலை பெட்டியைத் திறந்ததும் நாற்றம். பாதி கரைந்த எலி, முடி கழன்று ஈரமாக, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. குட்டி எதிர்மூலையில் சுருண்டிருந்தது. கொஞ்ச நேரம் என்னால் அதைத் தொடவே முடியவில்லை.

பெரிய எலி, சூடு இல்லை, இரண்டும் என் பொறுப்பு. பாம்பின் வயிறு நம் வயிறு மாதிரி எப்போதும் தயாராக இருப்பதில்லை. தின்ற பிறகுதான் குடல் தடிக்கிறது, அமிலம் சுரக்கிறது. பர்மா மலைப்பாம்புக்குத் தீனி தின்ற இரண்டு நாளில் இதயமே 40 சதவீதம் பெரிதாவதை 2005இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். இவ்வளவு வேலையும் வெளியிலிருந்து வரும் சூட்டில்தான் நடக்க வேண்டும். சூடு நின்றால் எலி உள்ளேயே அழுகும், அழுகுவதற்குள் கக்கிவிடும். நல்ல வேளை கக்கியது.

ஜூன் 29, ஞாயிறு

93. மூன்று வாரத்தில் ஏறியதெல்லாம் போய்விட்டது. இரண்டு வாரம் தீனி கிடையாது, தண்ணீர் மட்டும், கையில் எடுக்கவும் கூடாது. கக்கும்போது அமிலமும் சேர்ந்து போயிருக்கும், தொண்டை புண்ணாகியிருக்கும், உடனே கொடுத்தால் மறுபடி கக்கும். மறுபடி கக்கினால் குட்டி தாங்காது.

பட்டினி கிடக்கிறதே என்று அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. மெக்யூ என்ற அமெரிக்க ஆய்வாளர் 2007இல் எழுதியதைச் சொன்னேன். ஆறு மாதம் போலத் தீனி இல்லாமல் வைத்த பாம்புகள், அதில் பால் பைத்தானும் உண்டு, உடம்பின் செலவைக் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தன, எடை குறைந்துகொண்டே வந்தபோதும் நீளம் கூடியது. எனக்கு இது பெரிய செய்தி. எடையும் வளர்ச்சியும் ஒன்றில்லை.

இன்வெர்ட்டர் வாங்கிவிட்டேன். அதுவும் நின்றால் வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்க அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

91 கிராம். 5 கிராமில் முடி முளைக்காத குஞ்சு ஒன்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டது. நான்கு நாள் பெட்டிப் பக்கமே போகப் போவதில்லை.

ஜூலை 16, புதன்

கக்கவில்லை! எச்சம் போட்டிருக்கிறது. இன்று 7 கிராம்.

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் பாட்டிலில் சாரைக் குட்டி கொண்டுவந்து, இதற்கும் தீனி சொல்லுங்கண்ணே என்றான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைக்க முடியாது, என்னுடையது வெளிநாட்டு இனம், 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்கிறேன் என்று விளக்கினேன். கூடவே போய், பிடித்த வாய்க்கால் கரையிலேயே விட வைத்தேன். சாரை வயலில் எலி பிடித்து வளரட்டும்.

ஜூலை 27, ஞாயிறு

கண் பால் பூத்த மாதிரி வெளிறிவிட்டது, வயிற்றுப்புறம் லேசாகச் சிவந்திருக்கிறது. சட்டை உரிக்கப் போகிறது. இந்த நேரத்தில் தின்னாது, நீட்டித் தொந்தரவு செய்யவும் கூடாது. ஈரப்பாசியை மட்டும் கூட்டி வைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முழுசாக ஒரே துண்டாக உரித்திருக்கிறது, கண்ணாடி போன்ற கண்செதில் இரண்டும் சேர்ந்து வந்துவிட்டது. சட்டையை அளந்து அதுதான் நீளம் என்று சொல்கிறவர்கள் உண்டு. உரியும்போது அது இழுபட்டு நீண்டுவிடும், நம்பக்கூடாது. இன்று 10 கிராம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

108. நண்பனுடையது 184. மார்த்தாண்டம் போய்ப் பார்த்தேன். கனமாக, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வளையும்போது விலாவில் மடிப்பு விழுகிறது, செதிலுக்கு நடுவில் தோல் தெரிகிறது. கடைசி இரண்டு தீனியைத் தொடவில்லையாம். காட்டில் எலி நிறையத் தின்ற மலைப்பாம்பு ஓடியாடித் தின்றது, இது இரண்டடிப் பெட்டிக்குள் கிடக்கிறது, ஈரலில் கொழுப்பு படியும் மக்கா என்றேன். அவன் கோபப்படவில்லை. பத்து நாள் இடைவெளி விட்டு, சின்ன எலியாகக் கொடுக்கிறேன் என்றான்.

திரும்பி வந்ததும் அம்மா வாசலிலேயே கேட்டாள்: "இன்னைக்கு ஞாயிறுல்லா, அதுக்கு உண்டா?" உண்டு, 12 கிராம். வெந்நீர் போட்டு வைத்திருந்தாள்.